ஆறு தோட்டத்துப் பதிவேடும் ஓர் இலவசக் கருவியும்

கணினிப் பதிவேடுகளின் பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் தொழிலென்றால், எல்லாம் சரியாக நடந்த நாளில் உங்களை யாரும் தேட மாட்டார்கள், ஒன்று பிசகிய நாளில் எல்லாரும் தேடுவார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒரே சாமான்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனியின் வட்டார அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஆறு தோட்டங்களின் தொழிலாளர் பதிவேடுகளை ஒன்றாக்கி ஒரே பதிவேடாக வைக்க வேண்டும். இனி அடையாள அட்டைக்கு வேண்டிய வதிவிடக் கடிதம் அதிலிருந்துதான் அச்சாகும் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. புதிய அமைப்பையும் அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அமைப்பு என்பது வேறொன்றுமில்லை, வெற்றுப் படிவம்தான். எந்தக் கட்டத்தில் எது எழுத வேண்டும், அது எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா என்று அது சொல்லும். ஆறு தோட்டத்துக்கும் ஒரே ஆள்தான் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார். ஆனால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? வட்டவளையில் தகப்பன் பெயருக்குக் கட்டம் இருந்தது. ராகலையில் அதே இடத்தில் புருஷன் பெயர். இன்னொரு தோட்டத்தில், எந்தத் தொழிலாளிக்கும் இல்லாத தொலைநகல் எண்ணுக்கான கட்டத்தில், அவரவர் வீட்டு நாய்க்கு ஊசி போட்ட திகதி. இதையெல்லாம் பார்க்காமலே என் மேலதிகாரி குகதாசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரருக்கே உரிய நிதானத்தோடு சொன்னார்: "ஆறும் ஒரே சாமான்தானே பிள்ளை, ஒரு கிழமை காணும்." ஏழே நாள் போதுமாம்.

சும்மா கிடைத்தது

இரண்டு கிழமை கண்ணால் ஒப்பிட்டேன். கண் எரிந்ததுதான் மிச்சம். பிறகு இணையத்தில் தேடினேன். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலம். யாராவது அலுவலகத்துக்கு அழைப்பு எடுத்தால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு கருவி முழுசாக வந்து இறங்கியது. இரண்டு அமைப்புகளைக் கொடுத்தால் எந்தக் கட்டம் கூடியது, எது குறைந்தது, எது மாறியது என்று வரிவரியாகச் சொல்லும். எழுதியவர் நிரலையும் திறந்தே வைத்திருந்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சேரைக் கூட்டிவந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி, திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா குடுக்கிறவன் ஏன் பிள்ளை குடுக்கிறான்? முதல்ல அதைச் சொல்லும்."

இடம் மாறிய கட்டம்

கருவியிலும் ஒரு கோளாறு இருந்தது. மூன்றாவதாக இருந்த கட்டம் ஒன்பதாவதாக இடம் மாறினால், "ஒன்று காணாமல் போய்விட்டது, ஒன்று புதிதாக வந்திருக்கிறது" என்று அது ஒப்பாரி வைத்தது. திறந்த நிரல்தானே, எட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அந்த மொழி எனக்கு அரைகுறை. நாலு நாள் மல்லுக்கட்டி, ஏழு வரியைத் திருத்தி, எழுதியவருக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், குப்பி விளக்கில் படித்தவள் ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரனுக்குத் திருத்தம் அனுப்புகிறாளே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு கிழமையில் பதில் வந்தது. அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டே வசனம்: "உங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன், நன்றி. ஹட்டன் எங்கே இருக்கிறது?"

சத்தம்

இப்போது என் மண்டைக்கனத்தின் கதை. ஆறு தோட்டத்தையும் புதிய அமைப்போடு ஒப்பிட்டால் கருவி முந்நூறு எச்சரிக்கைக்கு மேல் காட்டியது. பெயருக்கு அங்கே முப்பது எழுத்து, இங்கே நாற்பது. அங்கே எண், இங்கே ஆம்-இல்லை. எல்லாம் அற்ப விஷயம் என்று எனக்குப் பட்டது. "வகை வேறுபாடுகளைக் காட்டாதே" என்று கருவியில் ஒரு வசதி இருந்தது. போட்டுவிட்டேன். முந்நூற்றுச் சொச்சம் வெறும் பதினொன்றாகக் குறைந்தது. அந்தப் பதினொன்றையும் சரிசெய்து, ஆறையும் ஒன்றாக்கினேன். பக்கத்து மேசைச் சிங்களப் பெண் சுனேத்ரா தனக்குத் தெரிந்த தமிழில் பாராட்டினாள்: "இப்ப மெஷின் நல்லம் அக்கா, சண்டை போடுறது இல்ல."

பட்டியலில் இல்லாதவர்

அடுத்த மாதம் பூண்டுலோயாப் பக்கத் தோட்டத்திலிருந்து பார்வதி என்று ஒரு அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மகள் கொழும்பில் பிள்ளை பெற்றிருக்கிறாள். பார்க்கப் போனவரை, அடையாள அட்டை இல்லையென்று யுத்தகாலச் சோதனைச் சாவடியில் இரண்டு தரம் பஸ்ஸிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அட்டைக்கு விண்ணப்பிக்க வதிவிடக் கடிதம் வேண்டும். புதிய பதிவேட்டில் தேடினேன். அவர் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தேடினேன். இல்லை. பெயர் கொடுக்காமல் விட்டிருப்பார்கள், தோட்டத்துக் கிளாக்கரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மறு கிழமை மறுபடியும் வந்தார். கிளாக்கரிடம் பெயர் இருக்கிறதாம். அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று வந்திருந்தார். நான் மறுபடியும் திரையைக் காட்டி, "இங்கே இல்லையே அம்மா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "நேத்தும் மலையில எம்பேரச் சொல்லித்தான் கூப்புட்டாங்க மிஸ், பொட்டிக்குள்ள மட்டும் எப்புடி இல்லாமப் போனேன்?"

மூணு

அன்றைக்கே தலவாக்கலை போய் பஸ் மாறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கிளாக்கர் மாரிமுத்து ஐயா பழைய கணினியைத் திறந்து காட்டினார். பார்வதி இருந்தார். "லயத்தில் வசிப்பவரா" என்ற கட்டத்தில் ஒன்று போட்டால் லயத்தில் இருப்பவர். இரண்டு போட்டால் தோட்டத்துக்கு வெளியே நாட்டுப்பக்கமிருந்து வேலைக்கு வருபவர். பார்வதிக்கு எதிரே மூன்று என்று இருந்தது. அவருக்கு மட்டுமல்ல, நாற்பத்தொரு பேருக்கு.

முந்தின மழையில் மண் சரிந்து ஒரு லயம் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சனங்களைப் பிள்ளை மடுவத்தில், அதாவது பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில், தங்க வைத்திருந்தார்கள். புதிய அமைப்பில் அந்தக் கட்டம் ஆம்-இல்லை. ஒன்று ஆம் ஆனது, இரண்டு இல்லை ஆனது, மூன்று எதற்கும் பொருந்தாமல் ஆளையே தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர்களை ஒரு கோப்பில் ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தது. அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. கருவி முதல் நாளே சொன்ன வேறுபாடு இது. வாயை மூடு என்று சொன்னவள் நான்தான். வெட்கமாக இருந்தது. ஐயாவைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான்: "வேலைக்கு வாராங்க, லயத்துல இல்ல, வெளியவும் போகல. ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல. வேற என்னத்தப் போடச் சொல்றீங்க?"

கையெழுத்து

திரும்பி வந்து அந்த வசதியை எடுத்துவிட்டேன். முந்நூற்றுச் சொச்ச எச்சரிக்கைகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஆறு நாள் பிடித்தது. மற்றத் தோட்டங்களிலும் பதிவேட்டிலிருந்து விழுந்துபோன ஒன்பது பேர் அகப்பட்டார்கள். அவர்களைச் சேர்ப்பது சுலபம். இந்த நாற்பத்தொரு பேருக்குத்தான் அமைப்பையே மாற்ற வேண்டும். வேலை முடிந்தது என்று கையெழுத்திடும் தாளோடு சேர் வந்தார்.

"கொழும்பு அமைப்பைப் பூட்டியாச்சு பிள்ளை. மூண்டை 'இல்லை' எண்டு மாத்திவிடும்."

"'இல்லை'ன்னு போட்டா வதிவிடக் கடிதம் வராது சேர்."

"அப்ப 'ஆம்' எண்டு போடும்."

"'ஆம்' போட்டா லயத்து வீட்டு நம்பர் கேக்கும். அந்த வீடு மண்ணுக்குள்ள இருக்கு."

"உம்மட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, தெரியுந்தானே?"

தெரியும். மூன்றாவது விடைக்கு இடம் வைக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் மேசையில் கிடந்த பட்டியலை எடுத்து நாற்பத்தொரு பெயரையும் உதடசைய ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துத் தொலைபேசியை எடுத்தார். கொழும்போடு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் வாதாடியவர், அங்கேயும் ஒரு தமிழர் வந்து பேசியதும் தமிழுக்கு மாறினார்: "மூண்டாவது விடை கேக்கிறா, நாலாவது கேக்க முந்திக் குடுத்துவிடுங்கோ."

வாசித்துக் காட்டியது

மூன்றாவது விடை வந்தது. பார்வதியின் கடிதம் அச்சானது. தோட்டத்தின் மேலாளரான துரையின் கையெழுத்தும் விழுந்தது. பிழை என்னுடையது என்று பார்வதியிடம் சொன்னேன். "சரி, வாசிங்க" என்றார். சத்தமாக வாசித்தேன்: பெயர், தோட்டம், வதிவிடம் பிள்ளை மடுவம். அட்டை வந்ததும் முதல் பஸ்ஸில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று திரும்பினார்.

"மடுவத்துல இருக்கேன்னு எழுதிட்டீங்க, சரி. வீடு கட்டித் தந்தாங்கன்னா அதையும் மறக்காம மாத்திருங்க மிஸ்."

நான் அந்த வேலையை விடும்வரை வீடு கிடைத்துவிட்டது, மூன்றை ஒன்றாக மாற்றுங்கள் என்று ஒரு தாளும் வரவில்லை. கருவியும் வருஷா வருஷம் அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு எதுவும் இல்லை என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.