ஆறரை மணிக்குள் போயிருக்க வேண்டிய வீடு

ரயில்வேயில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்ப்பவர், குடும்பத்துக்கே பாஸ் வாங்கக்கூடியவர், நாக்பூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகலாம் என்றால் அவரை என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் சொன்னார், போனோம். 1983 மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில், பழைய ஃபியட்டில். ஹைதராபாத், பெங்களூர், மைசூர், ஊட்டி, மதுரை, கன்னியாகுமரி எல்லாம் பார்த்தாயிற்று. அந்த ஊர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பயணத்தின் பத்தொன்பதாம் நாளையும் மறுநாள் காலையையும் பற்றித்தான்.

கடைசி ஊராகத் திருவண்ணாமலையை வைத்தது நான். வேலூரில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த மூன்று பேரில் என்னைத் தவிர மற்ற இருவரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கஸ்தூரி திருவண்ணாமலை டவுனில். பத்மாவதி அங்கிருந்து வடக்கே, போளூருக்கு இந்தப் பக்கம், ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரை எழுதாதே என்று பத்மா சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை.

கஸ்தூரியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. பத்மாவிடம்தான். ஏழு வருஷமாக அவளிடமிருந்து கடிதம் இல்லை. 1976-இல் கடைசியாக ஒரு கார்டு போட்டிருந்தாள். மாமனார் அவளை டீச்சர் வேலையை விடச் சொல்கிறார், நீ ஒரு தடவை வந்து அவரிடம் பேசு, உன் பேச்சுக்கு மரியாதை வைத்திருக்கிறார், இந்த மாதக் கடைசிக்குள் வா என்று. எனக்குப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். அடுத்த லீவில் போனால் போயிற்று என்று நினைத்து, நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. நானும் போகவில்லை. இந்தத் தடவை திருச்சியிலிருந்து அவளுக்கு ஒரு கார்டு போட்டேன்: ‘சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறோம்.’ கதவைத் திறப்பாளா மாட்டாளா என்பது தெரியாது.

காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் கிளம்பினோம். விழுப்புரத்தில் இட்லி, காபி. செஞ்சி தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓட்டியும் அது அதே தூரத்தில்தான் இருந்தது. பத்தரை மணிக்கு டவுனுக்குள் நுழைந்தோம். மீட்டரைப் பார்த்து இவர், நாக்பூரிலிருந்து 2,614 கிலோமீட்டர் என்றார். வெயிலில் தார் ரோடு இளகி டயரில் ஒட்டியது.

கஸ்தூரியின் வீடு திருவூடல் தெருவில். அவள் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. கார் நிற்பதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“இன்னாடி இது, காரை ஓட்டிக்கினு வந்திருக்கீங்களா, காரைத் தள்ளிக்கினு வந்திருக்கீங்களா? ரெண்டு பேரும் கறுத்துப் போய்ட்டீங்க. வாங்கண்ணா, உள்ள வாங்க.”

குளித்துவிட்டு வருவதற்குள் இலை போட்டுவிட்டாள். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், மோர். ‘கம்மியா போடு’ என்றால் ஜாஸ்தியாகப் போடுவது அவள் பழக்கம். ஹாஸ்டலில் என் சோப்பையும் அப்படித்தான் தீர்ப்பாள். சாப்பிட்டு முடித்து, மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பேசினோம். பத்மாவைப் பற்றி நான்தான் கேட்டேன்.

“அவ வேலையை விட்டுட்டாளே, உனக்குத் தெரியாதா?” என்றாள் கஸ்தூரி.

“எப்போ?”

“அப்பவே. எழுபத்தாறுல. நீ வருவேன்னு மாசக் கடைசி வரைக்கும் பார்த்தாளாம். அப்புறம் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா. நீ போயிருந்தா வேலை நிலைச்சிருக்கும்னு நான் சொல்லல. ஆனா அவ எதிர்பார்த்தா, கோமதி.”

இந்த ஏழு வருஷத்தில் நான் சீனியர் ஆகி, போன வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸும் ஆகியிருக்கிறேன். எங்கள் மூவரில் நன்றாகப் பாடம் நடத்துகிறவள் பத்மா. மாதிரி வகுப்பு எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பேன்.

மூன்றே கால் மணிக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “போளூர் ரோட்டுக்குக் கிளம்பலாமா?” என்றார். கஸ்தூரி, “இவ்ளோ தூரம் வந்துட்டு கோயிலுக்குப் போவாமயா? நாலு மணிக்கு நடை திறந்துருவாங்க” என்றாள். நான் உடனே, “ஆமாம், கோயிலுக்குப் போய்விட்டே போகலாம், என்ன அவசரம்?” என்றேன். இவர் என்னைப் பார்த்தார். மதுரையில் ‘இன்னொரு கோயிலா’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான்.

ராஜகோபுரத்தில் நுழைந்து ஒவ்வொரு பிராகாரமாக வந்தோம். கல் தரை காலைச் சுட்டது. பூ ஒரு ரூபாய், அர்ச்சனைத் தட்டு இரண்டரை ரூபாய், செருப்புக்குப் பத்துக் காசு. நான் யானைக்கு முன்னால் நின்றேன், கல்வெட்டைப் படிப்பதாகப் பாவனை செய்தேன், மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு கால் வலிக்கிறது என்றேன். கால் வலி ஒன்றுமில்லை. பத்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். நாற்பது வயதுக்காரி, ஐந்நூறு பிள்ளைகளை அதட்டுகிறவள், ஒரு சிநேகிதிக்குப் பயந்து கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தால் கஸ்தூரி வெங்காய வடை போட்டுக்கொண்டிருந்தாள். நாலு தின்றேன். காபி குடித்தேன். காரில் ஏறும்போது மணி ஐந்து ஐம்பது.

வேங்கிக்கால் ஏரியைத் தாண்டினோம். ஏரியில் தண்ணீர் இல்லை, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரோடு ஒற்றை ரோடு. எதிரில் பஸ் வந்தால் நாம்தான் மண்ணில் இறங்க வேண்டும். நாயுடுமங்கலத்துக்குக் கிட்டே வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாகப் போயின. அவற்றைத் தாண்ட முடியாமல் பின்னாலேயே ஊர்ந்தோம். இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சூரியன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“நிறுத்தாதீங்க, சீக்கிரம் போங்க” என்றேன்.

“வண்டி போகுது பார் முன்னால, எங்க போறது? என்ன ஆச்சு?”

பத்மா சமணப் பெண். பொழுது சாய்ந்தபின் அவர்கள் சாப்பிடுவதில்லை. ஹாஸ்டலில் எங்களுக்கு இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. அவளுக்கு மட்டும் ஐந்தரைக்கே சமையல்காரரிடம் தட்டு வாங்கி வந்து கொடுப்பது என் வேலை. இரண்டு வருஷம் செய்திருக்கிறேன். மறந்துவிட்டேன். நாலு மணி என்று எழுதியவள், ஆறே காலுக்கு மாட்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு ஐம்பதுக்கு ஊருக்குள் கார் நுழைந்தது. ஜினாலயத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பத்மா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள்.

“வாங்க” என்றாள். எங்கள் இருவரையும் சேர்த்துச் சொன்னாளா, என்னை மட்டும் அப்படிச் சொன்னாளா என்று தெரியவில்லை.

“பத்மா, எழுபத்தாறுல நான்...” என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

“முதல்ல கால் கழுவிட்டு உள்ள வா” என்றாள்.

கூடத்தில் மூன்று இலை போட்டு, மேலே துணி மூடியிருந்தது. புளியோதரை, வாழைக்காய் வறுவல், அவரைக்காய்க் கூட்டு, பாயசம். வீட்டுக்காரர் திண்டிவனம் போயிருக்கிறாராம். மாமனாரும் மகள் சுனந்தாவும் ஐந்தரைக்கே சாப்பிட்டுவிட்டார்கள்.

“நீ?” என்றேன்.

“நீ வந்தா உன்கூட உட்காரலாம்னு இருந்தேன். ஆறரை வரைக்கும் பார்த்தேன். பொழுது போயிடுச்சி. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க, நாங்கதான் சாப்பிடறதில்ல.”

“நீ சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்” என்றேன் வீறாப்பாக.

“எப்படிச் சாப்பிடுவ? கஸ்தூரி வீட்ல வடை சாப்பிட்டுட்டு வந்திருக்க. பேசும்போதே வெங்காய வாசனை வருது.”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு உபவாசம் இருக்கிறேன் என்று சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலைக்கு எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். இரவு தங்கிய சாப்பாட்டை அவர்கள் தொடுவதில்லை. மூன்று இலைச் சாப்பாட்டையும் களத்துமேட்டில் கடலைக்குக் காவல் இருந்த ஆட்களைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னாள். அவர்கள் பாயசத்துக்குத் தனியாக ஒரு செம்பு கொண்டுவந்தார்கள்.

பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்தோம். ஊர் திரும்பும் வழியில் அன்றே சென்னை போய்விடுவதாக இருந்த திட்டத்தை, நான் கேட்காமலேயே இவர் கைவிட்டு, காரைத் துடைக்கப் போய்விட்டார்.

“நாலு பக்கம் எழுதின” என்றாள் பத்மா. “தப்பா ஒண்ணும் எழுதல. பொம்பளைக்கு வேலை எவ்ளோ முக்கியம்னு எழுதியிருந்த. அது எனக்குத் தெரியாதா? மாமனாருக்கில்ல தெரியணும். அதை அவருக்கு யார் படிச்சிக் காட்டறது?”

“நான் வந்திருக்கணும்.”

“ஆமா, வந்திருக்கணும்.”

“இன்னும் கோபமா?”

“கோபந்தான். பின்ன இருக்காதா?”

“அப்புறம் எனக்காக ஏன் சாப்பிடாமல் இருந்தே?”

“கோபம் இருந்தா கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுன்னு யார் சொன்னது?” என்று எழுந்து போய் வடிகட்டிய தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை; பொழுது போனால் அவர்களுக்குத் தண்ணீரும் கிடையாது.

சுனந்தா பிளஸ் டூ எழுதியிருக்கிறாள், வேலூரில் டீச்சர் டிரெய்னிங் சேர ஆசைப்படுகிறாள் என்று அவளே என்னிடம் சொன்னாள். அன்று படுக்கும்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஏழு வருஷம் முன்னால் பேசாததை நாளைக்குப் பேசிவிடுவது. பெரியவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு மனப்பாடம் செய்தேன்.

காலை ஆறு மணிக்கு அவர் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே பிடித்துவிட்டேன். எண்பது வயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பெண் கல்வியில் ஆரம்பித்து, இரண்டாவது பாயிண்டுக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“டீச்சரம்மா, எதுக்கு இவ்ளோ? பேத்தி வேலூருக்குத்தான் போறா. அதான் போன மாசமே பத்மா சொல்லிட்டாளே.”

“நீங்கள் சம்மதித்தீர்களா?”

“வேணாம்னுதான் சொன்னேன். ‘எம் பொண்ணு போவும்’னு பத்மா சொன்னா. மூணு நாள் எங்கிட்ட பேசல. சோறு மட்டும் போட்டா. சரி, போவட்டும்னுட்டேன்.” வாய் கொப்பளித்துவிட்டு, “நீங்க குளிச்சிட்டு வாங்க” என்றார்.

ஏழரைக்கு இலை போட்டாள். பொங்கல், தேங்காய்த் துவையல். பத்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தின நாள் பதினோரு மணிக்குச் சாப்பிட்டவள். பேசாமல், அவசரப்படாமல் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை பொங்கல் போட்டுக்கொண்டாள். அவளுக்காகப் பேசுவதற்கு இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டே காலுக்குக் கிளம்பினோம். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “இனிமேல் கடிதம் போடுவியா?” என்று கேட்டேன்.

“கடிதாசு எழுதி எழுதித்தான் இவ்ளோ ஆச்சு” என்றாள். “ஜூலை அஞ்சாந்தேதி சுனந்தாவை வேலூர்ல சேர்க்கறோம். அந்த ஹாஸ்டலுக்கு நான் திரும்பப் போவணும். தனியாப் போனா எனக்கு அழுகை வந்துரும். நீ வா.”

“கண்டிப்பாக வரேன் பத்மா.”

“வரேன்னு சொல்லாத. வா.”

போளூர் வந்ததும் தபால் ஆபீஸைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. எதிர்ப் பெட்டிக்கடையில் இன்லண்ட் லெட்டர் கிடைத்தது. பானட்டின் மேல் வைத்து, எங்கள் பள்ளிச் செயலாளருக்கு லீவு கடிதம் எழுதினேன். ஜூலை நாலு முதல் எட்டு வரை. பானட் சூட்டில் கை பொசுங்கிப் போயிற்று.

“ஜூன் இருபத்தேழாந்தேதிதான் ஸ்கூல் திறக்கறாங்க. அடுத்த வாரமே ஹெட்மிஸ்ட்ரஸ் லீவுன்னா எப்படி? போய் நேரில் கேட்டுப் பாரேன்” என்றார் இவர்.

“கேட்கலீங்க. சொல்றேன்” என்று பெட்டியில் போட்டேன்.

நாக்பூர் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. இங்கே நாங்கள் சாப்பிட உட்காரும்போது இரவு ஒன்பதரை. இப்போதெல்லாம் ஆறரை மணி ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நேற்று செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். லீவு கடிதம் மேஜை மேல் இருந்தது. மரியாதையாகத்தான் கேட்டார், தீபாவளி லீவுக்குத் தள்ளிப்போட முடியாதா என்று.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.