சல்லடையக்காவும் ஆறெழுத்து வார்த்தையும்

பத்திரிகைப் பக்கம் கைக்கு வந்ததும் சல்லடையக்கா செய்தியைப் படிப்பதில்லை. முதலில் படத்தைப் பார்ப்பாள். படத்தில் இருக்கிறவர் தற்செயலாக அகப்பட்டவரா, தலை சீவிக்கொண்டு வந்து நின்றவரா என்று பார்ப்பாள். அடுத்து "அயராது" என்ற சொல் எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா என்று விரலை ஓட்டுவாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரிக்கு வருவாள்.

"நல்லது செஞ்சார்னு எழுது, தப்பில்ல. அயராது செஞ்சார்னு எழுதினா, யாரோ எதையோ அயராம குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்" என்பாள். இதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டாள்.

அவள் வேலை செய்வது ஒரு மாலைப் பத்திரிகையில். மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்தவள், இன்று எந்தப் பக்கமும் அவள் கையெழுத்து இல்லாமல் கீழே அச்சுக்கூடத்துக்கு இறங்காது. மாடிப்படிக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் அவளுக்கு ஒரு மூலை. மேசையின் ஒரு கால் குட்டை என்பதால் அதற்குப் பழைய பத்திரிகையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறாள். சுழல் நாற்காலி ஒரு பக்கம்தான் சுழலும், அதுவும் கிறீச்சென்று ஊரைக் கூட்டிக்கொண்டு சுழலும். எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று பியூன் ஒருநாள் தானாக வந்து சொன்னார். எதற்கு இவ்வளவு அக்கறை என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள். மனுஷன் இன்றுவரை அந்தப் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு போகவில்லை.

வெளியே போனாலும் சல்லடையைக் கழற்றி வைக்க மாட்டாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று தொலைபேசியில் பதிவுக்குரல் சொன்னால், "முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே" என்று அதற்கும் பதில் சொல்வாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், இலவசமாக வந்ததைத்தான் முதலில் திருப்பிப் பார்த்துத் தேதி முடிந்துவிட்டதா என்று தேடுவாள். "இங்கே கிழிக்கவும்" என்று போட்ட பொட்டலம் அங்கே கிழியாவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு ஆறாது. குடியிருப்பில் லிஃப்ட் ஆறு வாரமாக நின்றுகிடந்து, தேர்தல் அறிவித்த மறுநாள் ஓடத் தொடங்கியது. எல்லாரும் ஏறிப் போனார்கள். அவள் மட்டும் நான்கு மாடியும் நடந்தே ஏறினாள். "யாரு ரிப்பேர் பண்ணினதுன்னு தெரியட்டும், அப்புறம் ஏறுறேன்" என்றாள்.

அவள் கணவருக்கு மருந்துக்கடை. பாவம், அவரும் தப்பவில்லை. "இந்தப் புடவையில நீ நல்லாருக்கேன்னு ஒருநாள் வாய்தவறிச் சொல்லிட்டேன். என்ன வேணும் உங்களுக்குன்னு கேட்டா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வார். கடைப்பையன் வரவில்லை, சாயங்காலம் கல்லாவில் வந்து உட்காரச் சொல்லலாம் என்றுதான் அவர் அன்றைக்கு அப்படிச் சொன்னது. அந்தப் பாதியை அவளே பக்கத்தில் நின்று சொல்லி முடிப்பாள்.

இந்தச் சந்தேகத்துக்கு அலுவலகத்தில் சம்பளம் கிடைக்கிறது, அதுவும் தேர்தல் காலத்தில் கொஞ்சம் மரியாதையும் சேர்த்து. விஷயம் இதுதான். ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு உண்டு. காசு கொடுத்துப் பத்திரிகையில் எதைப் போட்டாலும் அதற்கு மேலே "விளம்பரம்" என்று அச்சிட வேண்டும். அந்த வார்த்தை விழுந்தால் அது அவர் செலவில் ஏறிவிடும். விழாவிட்டால் அது செய்தி, செய்திக்கு ஏது செலவு. அதனால் தேர்தல் வந்துவிட்டால் ஊரில் உள்ள வேட்பாளர்களுக்கெல்லாம் செய்தியாகிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிடும். அந்த ஆசைக்கு நடுவே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பவள் அவள். பணம் வாங்கிக்கொண்டு செய்தி எழுதிய நிருபர் அகப்பட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது ஆசிரியர் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

ஒருமுறை சல்லடை ரொம்பத்தான் சலித்துவிட்டது. பத்திரிகை முதலாளியின் தாயார் இறந்துபோனார். முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி. "அயராது உழைத்த அன்னை" என்று தலைப்பு. அக்காவின் பேனா தானாகப் போய் மேலே அந்த ஆறெழுத்தை எழுதிவிட்டது, அப்படியே அச்சாகியும் விட்டது. முதலாளி கூப்பிட்டார். அவள் அசரவில்லை. "இந்த இடத்துக்குக் காசு யாரு குடுக்கிறதுன்னு விசாரிச்சேன். நம்ம பத்திரிகையேன்னு சொன்னாங்க. அப்ப அது விளம்பரம்தானே ஐயா" என்றாள். முதலாளிக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்ததோ என்னவோ, போ என்று கையைக் காட்டிவிட்டார். மறுநாள் ஒருவர் வந்து, எங்க அப்பாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு போடணும், எவ்வளவு ஆகும் என்று கேட்டாராம்.

அவளுக்கு ஒரு தம்பி. அதே பத்திரிகையில் நிருபர். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன், இவள் இடுப்பில் வளர்ந்தவன். அவன் எழுதியது வந்தால் மற்றவர்களுக்கு ஒரு தடவை என்றால் இவனுக்கு இரண்டு தடவை சலிப்பாள். "உன் தம்பி மேலயுமா?" என்று கேட்டால், "அவன் மேலதான்" என்பாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஆசிரியர் எதிரிலேயே "அக்கா, நீ கொஞ்சம் வாயை மூடு" என்று சொல்கிறவன். பிறந்ததிலிருந்து வா, போ, நீ என்பதைத் தவிர அவளிடம் அவன் வாயில் வேறு வந்ததில்லை.

போன வாரம் மூன்றாம் பக்கத்தை அவனே எடுத்துக்கொண்டு வந்தான். கூடவே ஒரு டம்ளர் டீ. பக்கத்தில் அவன் எழுதிய செய்தி ஒன்று. ஊரின் பெரிய ரொட்டித் தொழிற்சாலைக்காரர் இந்தத் தடவை தேர்தலில் நிற்கிறார், எல்லாரும் ரொட்டி முதலாளி என்பார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண்கள் வார்டில் நலம் விசாரித்தாராம். அவள் படத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் எடுத்தது, ஒருவருடைய முழங்கை பாதி மறைக்கிறது. சரி. விரலை ஓட்டினாள். "அயராது" இல்லை, அதற்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. வார்டில் தண்ணீர் வருவதில்லை என்று ஒரு நோயாளி அவரிடம் சத்தம் போட்டதுகூட இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

"டீ சாப்பிடுங்கக்கா, ஆறிடும்" என்றான் தம்பி.

பேனா நின்றது.

"இப்ப என்ன சொன்னே?"

"டீ ஆறிடும்னு சொன்னேன்."

"சாப்பிடுங்கன்னு சொன்னே. எப்பலேருந்து நான் உனக்கு நீங்க ஆனேன்?"

"ஆபீஸ்ல ஒரு மரியாதை வேணாமா" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"வாயை மூடுன்னு சொன்னப்ப இந்த மரியாதை எங்க போச்சு? உட்காரு." அவன் உட்கார்ந்தான். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்ன குடுத்தாங்க?"

அவன் படிக்கட்டைப் பார்த்தான். யாரும் இல்லை.

"துணி துவைக்கிற மிஷின். நான் கேக்கலக்கா. வார்டுக்கு அவரோட போய் எழுதுறியான்னு அவரோட ஆள் கேட்டான். சும்மா பேச்சுக்கு, வீட்ல அவளுக்கு எட்டாம் மாசம், குனிஞ்சு துவைக்க முடியலன்னு சொன்னேன். மறுநாள் வாசல்ல வந்து இறங்குது. நான்தான் வாங்கினேன்னு நினைச்சுக்கிட்டு அவ அழுதுட்டா. நான் என்னத்தச் சொல்றது?"

"எழுதினதுல பொய் இருக்கா?"

"ஒரு வரி பொய் இல்ல. தண்ணி வரலன்னு அந்தம்மா சத்தம் போட்டதையும் எழுதியிருக்கேன், பாத்தேல்ல."

"பாத்தேன். அதான் ஏமாந்தேன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கீழே அச்சுக்கூடத்திலிருந்து மூணாம் பக்கம் எங்கே என்று யாரோ கத்தினார்கள்.

"ஒரே ஒரு தடவை நீ கண்டுக்காம விடுக்கா" என்றான் தம்பி. "மேல அந்த வார்த்தை விழுந்தா என் வேலை போயிடும். குழந்தை வர்ற நேரம். உனக்குத் தெரியாததா?"

இப்போது பழைய "நீ" வந்துவிட்டது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, அவளால் ஒரு துளிகூடச் சந்தேகப்பட முடியவில்லை. சந்தேகப்பட முடிந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"மிஷினத் திருப்பி அனுப்பு" என்றாள். "துணிய நான் வந்து துவைச்சுத் தர்றேன்."

"சரி. இந்தப் பக்கம்?"

"விளம்பரம்தான். ரொட்டி முதலாளிக்குப் பில் போகட்டும், அவர் செலவுல ஏறட்டும்."

"ஆசிரியர் கேட்டா?"

"கேப்பார். நீதான் போய்ச் சொல்லணும். நான் கண்டுபிடிச்சேன்னு போனா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். அந்த வார்த்தைய நீயே உன் கையால எழுதினேன்னா என்ன செய்வார்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இதுவரைக்கும் எழுதினதில்ல."

பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். சிவப்புப் பேனாவை மூடி கழற்றி அதன்மேல் வைத்தாள். அந்தப் பேனாவை அவள் பிறத்தியார் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, பழைய ஆணி ஒன்றுதான் இருந்தது. அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து மறுபடியும் கத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் தாளில் பேனா உரசும் சத்தம் கேட்டது.

"எழுதிட்டேன்" என்றான் தம்பி. "நீயே பாரு."

சல்லடையக்கா திரும்பினாள். பக்கத்தில் அவன் எழுதியிருந்த மேல்பாதியை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பார்க்காமலே கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.