இரண்டு பக்கமும் இடது தோள்

பாஸ்கர் இல்லை.

காலை ஏழு மணிக்குத் திருப்பதியிலிருந்து அவர் மனைவி லதா போன் செய்தார். தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக். ஐம்பத்து நான்கு வயது.

சித்தூர் சர்வே ஆபீஸில் நான் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்தபோது எனக்குக் கீழே டிராஃப்ட்ஸ்மேன். நில வரைபடம் போடுவார். கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் திருப்பி அனுப்புவேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அவருடைய இன்னொரு வேலை இங்கே பலருக்குத் தெரியாது. டிவியில் கன்சோலை மாட்டி இரண்டு பேர் சண்டை போடும் பழைய வீடியோ கேம் ஒன்று. அதைப் பிரித்து, உள்ளே தன் சொந்த ஆட்களை வரைந்து வைப்பார். மாடிங் என்பார்கள். கம்பெனி கேட்டுச் செய்வது அல்ல, ரசிகர்கள் ஆசைக்குச் செய்வது.

மூன்று வருடம் முன்பு வீட்டுக்கு வந்தார். "கோச்சுக்காதீங்க மேடம். உங்கள ஒரு ஃபைட்டரா வரையணும்."

"எனக்கு எழுபத்தொரு வயசு, பாஸ்கர்."

"அதான் மேடம் வேணும். நீங்க வரண்டாவுல வந்துக்கினு இருந்தா பியூன்லருந்து சர்வேயர் வரைக்கும் நிமிந்து உக்காருவாங்களே... அந்த நடை எந்த கேம்லயும் இல்ல."

புகழ்ச்சிக்கு மயங்குகிறவள் அல்ல நான். ஆனாலும் சம்மதித்தேன்.

குடையோடு என்னை நடக்கவிட்டு, குனியவிட்டு, திரும்பவிட்டு, போட்டோ மேல் போட்டோ எடுத்தார். உதைக்க மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பர்வாலேது மேடம், குடையாலயே போடுங்க" என்றார்.

பல மாதம் கழித்து டிவியில் காட்டினார். நீலமாகத் திருப்பதி மலை... அதன் மேல் மெல்ல நகரும் மேகம். புறாக்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு நான். மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் முந்தானை லேசாக அசைந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ...

பிறகு எதிராளியைத் தாண்டிக் குதித்து, மறுபக்கம் பார்த்துத் திரும்பினேன். முந்தானை வலது தோளில் இருந்தது!

"அது அப்படித்தான் மேடம். ஒரு பக்கத்துக்குத்தான் படம் இருக்கும். மறுபக்கம் திரும்பினா அதையே கண்ணாடி மாதிரி புரட்டிப் போட்டுடும். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிச்சேனே."

இரண்டு பக்கமும் இடது தோளில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். பாவம், சிரித்தார்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அசைவையும் மறுபடி வரைய வேண்டும். வரைந்தாலும் வைக்க இடம் வேண்டும். அந்தக் காலத்துக் கன்சோலின் மெமரியில், இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அடங்காதாம். கொஞ்சம் கூடினாலும் ஸ்கிரீன் கறுப்பாகி நின்றுவிடும்.

"ஒரு தோளுக்கு ஏன் இந்தப் பாடுன்னு ரஷ்யாவுல மாடிங் பண்ற ஒருத்தன் கேக்கறான் மேடம்."

"அவன் சட்டைப் பட்டன் எந்தப் பக்கம்னு கேளுங்க."

அவ்வப்போது வாட்ஸ்அப்பில் குரல் வரும். "இடம் பத்தல, கூட்டத்தை எடுத்துட்டேன் மேடம்." இன்னொரு நாள், "புறா போச்சு மேடம்." அப்புறம், "மேகம் இனிமே நகராது மேடம்... ஆனா நீங்க குனிஞ்சா தோள் சரியா இருக்கு."

இப்படியே என்னைச் சுற்றி ஒவ்வொன்றாகக் காலியாயிற்று.

பத்து நாள் முன்பு, ஒரு பழைய கன்சோலும் டிஸ்க்கும் கொடுத்தனுப்பினார். ஆடிப் பார்த்தேன். நடந்தால், குதித்தால், அடித்தால்... எந்தப் பக்கமும் இடது தோள்தான். மறுபக்கம் பார்த்து நின்று தோற்று விழும்போது மட்டும் வலது தோளுக்கு மாறியது.

உடனே போன் செய்தேன்.

"தெரியும் மேடம். விழற படத்துக்கு மட்டும் இடம் பத்தல."

"பின்னால பெஞ்சுல ஒரு ஆள் பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காரே, அவர் எதுக்கு? எடுத்துடுங்க."

"அவரு இருக்கட்டும் மேடம்."

"அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது பாஸ்கர்." வைத்துவிட்டேன்.

அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று போனில் லதா அழுதுகொண்டே சொன்னார். "ஒரு வாரமா அதையேதான் பாத்துக்கினு இருந்தாரு மேடம். எடுப்பாரு, திரும்ப வெப்பாரு. 'சார எப்படி எடுக்கறது லதா'ன்னாரு."

"எந்த சார்?"

"உங்க வீட்டு சாருதான் மேடம்... ஆபீஸ் வாசல்ல உங்களுக்காக உக்காந்துக்கினு இருப்பாராமே. உங்களுக்குத் தெரியலையா?"

ஆமாம். ஆபீஸ் முடியும் வரை வாசல் பெஞ்சில் பேப்பரோடு எனக்காகக் காத்திருப்பார் என் கணவர். அவர் போய் ஒன்பது வருடம்.

டிவியைப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது. கீழே ஒரு கால் மட்டும் செருப்பிலிருந்து வெளியே... அவர் அப்படித்தான் உட்காருவார்.

கூட்டம் இல்லை, புறா இல்லை, மேகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மலை அடியில் அவர் மட்டும்.

மறுபக்கம் பார்த்து நின்று, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டேன். எதிராளி அடித்துக்கொண்டே இருந்தான். விழுந்தேன். முந்தானை வலது தோளில் கிடந்தது.

பெஞ்சில் அவர் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினார்.

அவரை எடுக்க வேண்டாம், பாஸ்கர்.

பத்து மணி பஸ்ஸில் கிளம்புகிறேன்... உங்களை ஒருமுறை பார்த்துவிட.