என் சார்பாக என் வீட்டுக்காரர்

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து எனக்குக் காது போனது. வாய் போகவில்லை. இதை வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அம்மா எனக்காகப் பேசினாள். தாலி ஏறிய பிறகு அந்த வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். எனக்குப் பசிக்கிறதா, புடவை பிடித்திருக்கிறதா, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை டாக்டர் என் காதுக்குள் எதையோ விட்டுக் குடைந்து, "வலிக்குதா?" என்றார். "வலிக்கல சார்" என்றார் இவர். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வேன். இவருக்கு மீசை பெரிது. பாதிப் பேச்சு அதற்குள் போய்விடும். பெரிய நஷ்டம் இல்லை.

பதினோரு வருஷமாக மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் உப்பு வாருகிறேன். அங்கே கடல் காற்று. யார் கத்தினாலும் பக்கத்துப் பாத்திக்குக் கேட்காது. எல்லோரும் கையை ஆட்டித்தான் பேசுவார்கள். அங்கே செவிடு நான் மட்டும் இல்லை.

இந்த வருஷம் உப்பு எடுக்கத் தொடங்கும் முன் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, இதைப் பாத்தியில போடாதீங்க. மூட்டை கட்டுற ஷெட்டுல போடுங்க" என்றார் வீட்டுக்காரர். "காது கேக்காது. பின்னாடி லாரி வந்தா இன்னா பண்ணும், பாவம்."

பாத்திக்குள் லாரி வராது. ஷெட்டுக்குத்தான் வரும், அதுவும் ரிவர்ஸில்.

பாசம் இல்லாமல் இல்லை. முந்தின வாரம் ரோட்டில் ஒரு வண்டி என்னை உரசிக்கொண்டு போனது. அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஆனால் இவரிடம் கேட்டார்.

"அதுக்கு இஷ்டமா?"

"இஷ்டந்தாண்ணே."

நான் டீயை நீட்டியபடி சொன்னேன். "எனக்கு இஷ்டம் இல்ல. பாத்திக்குத்தான் வருவேன்."

தெளிவாகத்தான் சொன்னேன். மேஸ்திரி வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லுது?"

"சும்மா சொல்லுதுண்ணே. போனா பழகிடும்."

நான் தமிழில் சொன்னதைத் தமிழில் மாற்றிச் சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது.

மறுநாள் விடியலில் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் புதுச்சேரிக்கு லோடு இறக்கப் போயிருந்தார். மேஸ்திரி வரப்பில் வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, "ஷெட்டு" என்றார்.

"பாத்தி" என்றேன்.

இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினார்.

"மழை வந்தா விசில் அடிப்பாங்க. உனக்கு எப்டித் தெரியும்?"

"வானத்தப் பாத்துக்கினுதான் வாருவேன். போன வருஷம் மழையில உப்புக் குவியலை ஓலை போட்டு மூட மொதல்ல ஓடுனது யாரு?"

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"அந்த மூணாவது பாத்தியும் நீயே பாரு" என்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டாள்.

"இன்னாடி, மூணாவது பாத்தியும் குடுத்துட்டாங்களாமே?"

நான் வாயைத் திறந்தேன். இவர் பதில் சொன்னார்.

"நான்தான்க்கா மேஸ்திரிகிட்ட பேசினேன். இதுக்குப் பாத்தியிலதான் இஷ்டம்."

முதல் பாதி பொய். பின்பாதி சரி. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.