மூன்று பாஷையும் ஒரு கறுப்புக் குடையும்

நடைபாதையில் சாமான் விற்கிறவனுக்கு வாய்தான் கடை. மேசை வெறும் பலகை. அந்நியத் தெருவில் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சத்தை இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோ சந்தையில், ஏச்சு வாங்கியும் கொடுத்தும் படித்தேன்.

கூடை வாடகை

தொண்ணூறுகளின் நடுவில், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் மேசை போட்டிருந்தேன். குடை, பெல்ட், லைட்டர். கடைக்குச் சொந்தக்காரி ரொசாலியா அம்மா, அந்த ஊர்ப் பேச்சில் சிஞ்ஞோரா, மேல்மாடியில் இருந்தார். காலையில் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். சந்தையில் மரக்கறி வாங்கிப் போட்டு அனுப்புவேன். அதுதான் வாடகை.

அந்தக் கோடையில் என் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி யானா, செக் நாட்டுக்காரி, கண்ணாடி மணிமாலை விற்பவள். மற்றவன் சேங். லாவோஸ் மலையில் பிறந்த மோங் இனத்தவன். அகதியாகப் பிரான்சுக்குப் போனவன். தன் வீட்டுப் பெண்கள் தைத்த பூவேலைத் துணிகளைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் மூன்று பேருக்கும் பொது பாஷை உடைந்த இத்தாலியம். சிஞ்ஞோரா அவர்களையும் விட்டார். ஒரே நிபந்தனை, சத்தம் கூடாது. என் மனைவி றீற்றாவுக்கு எட்டாம் மாதம். வீடு துடைக்கப் போகிற வேலையை நிறுத்திவிட்டாள். இனி மேசைதான் எல்லாம். ஆனாலும் என் வாய் கேட்க வேண்டுமே. முதல் வாரமே பல்கனியிலிருந்து குரல் வந்தது:

"செல்வம், நீ குடை விக்கிறியா, மிளகாய் விக்கிறியா? ஏன் இப்பிடி எரியிறாய்?"

விலை என்றால் விலை

செக் ஆட்கள் பஸ்ஸில் சுற்றுலா வந்து இறங்கிய காலம் அது. தகரத்தில் அடைத்த இறைச்சியையும் கையோடு கொண்டுவருவார்கள். அவர்களை மடக்கவென்றே யானாவிடம் எண் படித்தேன். நாலு என்று சொல்ல நாக்கு பல்லுக்குள் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் சேங்கிடம் படித்தது வேறு வகை. ஒன்றிலிருந்து ஐந்து வரை குரல் ஒரே உயரத்தில் நிற்கும், ஆறில் இறங்கும், எட்டில் தொண்டை அடைக்கும்.

ஒரு செக்காரன் குடையை விரித்துப் பார்த்தான். எட்டாயிரம் லீரா என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். ஐந்துக்கு வருவது என்று மனதில் வைத்திருந்தேன். அவன் தலையாட்டிவிட்டுக் குடையை மடித்து வைத்துப் போய்விட்டான். "ஆறு! ஐந்து!" என்று துறைமுகத் தெரு வரை துரத்தினேன். அவன் திரும்பி வந்து யானாவிடம் ஏதோ கேட்டான். அவள் எனக்குச் சொன்னாள்:

"எட்டெண்டு நீதான் சொன்னியாம். தன்னட்டை எட்டு இல்லையாம். இதிலை கத்த என்ன இருக்கெண்டு கேக்கிறான்."

வாலும் மெட்டும்

வியாபாரம் இல்லாத நேரத்தில் இரண்டு பாஷையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யானாவின் பாஷையில் சொல்லுக்கு வால் உண்டு. நமக்கு எட்டு வேற்றுமை, அவளுக்கு ஏழு. அவளைக் கூப்பிட்டால் யானா, 'யானோ' ஆகிவிடுவாள். என்னையும் அவள் தன் பாஷை வாலைப் போட்டு 'செல்வமே' என்பாள். நம்மைப் போல எழுத்துக்கு உயிர் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். விரலுக்கு 'ப்ர்ஸ்ட்', கழுத்துக்கு 'க்ர்க்'. சேங்கின் பாஷையில் வாலே இல்லை. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் அதே சொல். ஆனால் மெட்டுப் பிசகக் கூடாது. ஒரு 'பா'வை உயர்த்திப் பிடித்தால் உதவி. உயர்த்தி விழுத்தினால் பூ.

எனக்கு உள்ளது சத்தம் மட்டும்தான் என்று அப்போது தோன்றியது. மெட்டுக் கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் மோங் ஆட்கள் சண்டை போடுவதில்லையோ என்று சேங்கிடம் கேட்டேன். அவன் துணியை மடித்தபடியே சொன்னான்:

"நீ இன்னும் என்ரை மாமியைக் கேக்கேல்லை."

கசக்கின துணி

ஒரு மத்தியானம், ஊரே படுத்திருக்கும் நேரம். ஒரு பெண் சேங்கின் துணியை எடுத்துக் கசக்கி, "இது மெஷின் வேலை, பாதி விலை" என்றாள். அதன் பின்பக்கத்துத் தையலைப் பார்த்தவன் நான். ஒரு பூவைத் தைக்க ஒரு வாரம். சேங் கசங்கிய துணியை நீவி மடித்தான். யானா, "விலை எழுதியிருக்கு" என்றதோடு சரி. நான்தான் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலியம் முடிந்ததும் சிசிலியன், அது முடிந்ததும் யாழ்ப்பாணம். அந்தப் பெண் போய் ஐந்து நிமிடமாகியும் நான் நிறுத்தவில்லை.

சிஞ்ஞோரா இரவு உடுப்போடு பல்கனிக்கு வந்தார். சனிக்கிழமைக்குள் மேசை போக வேண்டும் என்றார். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். றீற்றா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"பிள்ளை பிறக்க முதலே உங்கடை சத்தத்துக்குப் பழகியிட்டுது. சிஞ்ஞோராவும் பழகோணும் எண்டு ஏன் நினைக்கிறியள்?"

பேச்சாள்

அடுத்த நாள் சிஞ்ஞோராவோடு பேச நான் படியேறப் போக, சேங் மறித்தான். மோங் ஆட்கள் கலியாணம் பேசுகிறபோது மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாதாம். பேசுவதற்கென்று ஆள் போகும், கையில் கறுப்புக் குடையோடு. என் மேசையிலிருந்த கறுப்புக் குடை ஒன்றை எடுத்து, கோடு போட்ட துணியைச் சுற்றி, யானாவின் கையில் கொடுத்தான். பேரம் என்றால் என்னவென்றே தெரியாதவள் கையில். வெளியே மழையின் அடையாளமே இல்லை. மூன்று பேரும் மேலே ஏறினோம்.

சிஞ்ஞோரா குடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோப்பி ஊற்றினார். யானா நேராகச் சொன்னாள்: "இவன் கத்துவான். இனியும் கத்துவான். மாத்தேலாது. என்ன செய்யலாம்?" மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை மேசையே இருக்கக் கூடாது என்றார் சிஞ்ஞோரா. மூன்று மணி வரை என்று கேட்டிருந்தால் மூன்றரையிலாவது முடித்திருப்பேன். வாயைத் திறந்தேன். சேங் என் காலை மிதித்தான். யானா, "சரி" என்றாள். முடிந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் நான் வேறு எதுவும் விற்றதில்லை, சண்டையைத் தவிர, என்பது பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை கூடை இறங்கியது. உள்ளே வாங்க வேண்டிய மரக்கறியை எழுதிய வழக்கமான துண்டுக் காகிதம். மேலிருந்து குரல்:

"மேசையை விட்டது செக்காரி சொன்னதுக்காக இல்லை. இவன் அரை மணித்தியாலம் என்ரை வீட்டிலை வாய் திறக்காமல் இருந்தான். அதுக்காகத்தான்."

இரண்டு பாஷையிலும் பத்து வரை எண்ணப் படித்த எனக்கு, இந்தத் தொழிலில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி, ஒருவன் என் காலை மிதித்துக்கொண்டிருந்தபோது கிடைத்ததுதான்.