துணி அப்பாவிடம், கம்பு மாமாவிடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சின்ன ஸ்டவ்வின் முனையில் அடைத்திருந்த கரியை ஊசியால் எடுத்தது. சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்தோம். நான் பிடித்துக்கொண்டேன், அவர் குத்தினார். நான் மின்பொறியாளர், அவர் லிஃப்ட் மெக்கானிக். இருந்தும் ஊசியை என்னிடம் தரவில்லை.

“நீ துளையப் பெருசாக்கிடுவே. தீ புஸ்ஸுனு கிளம்பும், என் மீச போயிடும்.”

அந்த ஸ்டவ் மலைக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். வருடத்துக்கு ஒருமுறை அப்பாவும், அம்மாவின் அண்ணனான பஸ் டிரைவர் மாமாவும் தேசியப் பூங்காவின் வட்டப் பாதையில் நடப்பார்கள். பாதிச் சுற்றில், ஏரிக்கரையில் ஓர் இரவு. மறுநாள் மீதிப் பாதி நடந்தால் கிளம்பிய இடம். வாசல் தாண்டியதும் பாதை பிரியும். இடது பக்கம் செங்குத்தாக ஏறும், வலது பக்கம் மெல்ல மெல்ல உயரும்.

முதல் வருடம் அங்கேயே சண்டை.

“கஷ்டத்த முதல்ல முடிச்சிடணும் மச்சான்.”

“எடுத்ததுமே மேட்டுல ஏத்தினா இஞ்சின் படுத்துடும் மாப்ளே. வலது பக்கம் வா.”

“நீங்க பஸ்ஸு ஓட்டிக்கிட்டு வாங்க. நான் லிஃப்டு மாதிரி நேரா போறேன்.”

ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்பாதான் முதலில் ஏரிக்கரை சேர்ந்தார். பையைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, கூடாரத் துணி அவரிடம், கம்புகள் மாமாவிடம். மழை பிடித்துக்கொண்டது. மாமா வந்தபோது அப்பா துணியைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாராம்.

“என்ன மாப்ளே, லிஃப்டு நடுவுல நின்னுடுச்சா?”

பிறகு அதுவே வழக்கமானது. வேண்டுமென்றே துணியையும் கம்பையும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். வழியை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் இடதா வலதா என்றே பேச்சு. “ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான வருது, சாப்பிட வாங்க” என்பாள் அம்மா.

ஸ்டவ்வைச் சுத்தம் செய்வதற்குச் சில நாள் முன்பு, இதய மருத்துவர் செங்குத்தான ஏற்றம் கூடவே கூடாது என்றார். மெதுவான ஏற்றமென்றால், கூட ஒரு ஆள் இருந்தால் நடக்கலாம். அப்பாவைக் காரில் கூட்டி வந்தேன். சிக்னலில் நின்றபோது சொன்னார்:

“அப்ப இந்த வருஷம் உங்க மாமா கூடத்தான்.”

“நான் போன் பண்ணிச் சொல்லட்டுமாப்பா?”

“நீ வாயத் திறக்காத. ஞாயித்துக்கிழம டிப்போவுக்குப் போய் நானே நேர்ல சொல்றேன். விழுந்து விழுந்து சிரிப்பாரு. சிரிக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மாமா மட்டும் இருந்தார். “உங்கப்பன் கடைசி வரைக்கும் என் பக்கம் வரவே இல்ல, பாத்தியா?” என்றார்.

அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் மாமா டியூட்டிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிப்போவுக்கு யாரும் போகவில்லை.