பாகம் பிரிக்காத கப்பல்

எங்கள் குடும்பத்தில் யாரும் கப்பலில் ஏறியதில்லை. பென்னலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மெட்ராசுக்குப் போக வேண்டும். அப்படிப் போன நாட்களிலும் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்று, தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கால் நனைக்க மாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும், ஆனால் அது கிணற்று நீச்சல். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் கப்பல் செய்யும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஊரில் பலருக்கு ஆச்சரியம்.

பிடிக்க வைத்தவர் பெரும்புதூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு மாமா. சொந்த மாமா இல்லை. நான் அப்படிக் கூப்பிடுவேன். வாலிபத்தில் அவர் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குப் படம் பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர். ஊருக்குத் திரும்பி ஸ்டுடியோ போட்டபோது, வாசல் கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளின் படங்களுக்கு நடுவே தான் செய்த சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்றை வைத்தார். அதைப் பார்க்க நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போன அப்பாவும், துணைக்குப் போன பெரியப்பாவும் அப்படி உள்ளே போனவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டுடியோவின் பின்னறையில் எல்லோரும் கூடுவார்கள். சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வரும் டிராயிங் மாஸ்டர், அப்பா, பெரியப்பா, வந்தால் ஒரு டெய்லர். சுவரில் படம் எடுப்பதற்கான திரை ஒன்று தொங்கும். அதில் நிலா, தென்னை மரம், நீல அலைகள். அந்த அலைகளின் அடியில் பாய் விரித்து உட்கார்ந்து மூங்கில் சீவுவார்கள், பலகை இழைப்பார்கள், வேட்டித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாய்க்கு நிறம் ஏற்றுவார்கள். போட்டோ கழுவும் சிமெண்ட் தொட்டியில்தான் வெள்ளோட்டம். யாருடைய கப்பலாவது ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவர்கள் அடக்க முடியாமல் சந்தோஷப்படுவார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரே கப்பலைச் செய்தார்கள். இரண்டு பாய்மரங்கள் கொண்டது. காலண்டர் படம் ஒன்றைப் பார்த்து டிராயிங் மாஸ்டர் வரைந்து கொடுத்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு மிஷின் வந்து இறங்கிய பெட்டிகளின் மரம்தான் பலகை. அந்த மரத்தில் ஊதுவத்தி போல ஒரு வாசனை இருக்கும். உடம்புக்கூடு முடிந்து, வெளிப்பலகை பாதி ஒட்டியிருந்த சமயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது.

பெங்களூர் ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் நிலத்தைக் கேட்டு ஆள் வந்தது. அப்பா கொடுத்துவிடலாம் என்றார். பெரியப்பா மாட்டேன் என்றார். ஒரு மாதம் கத்தல், பிறகு பாகப்பிரிவினை. நிலம், கிணற்றுத் தண்ணீர், மாடு, அண்டா, பித்தளைக் குடம் வரை பிரித்தார்கள். அப்பா தன் பாதியை விற்றார். அதைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர் எழும்பிய நாளிலிருந்து பெரியப்பா அப்பாவோடு பேசுவதில்லை. அவர் பேசாததால் அப்பாவும் பேசுவதில்லை. பெரியம்மா எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். கப்பல் பெரும்புதூரில் இருந்ததாலோ என்னவோ, பாகம் பிரித்த பெரியவர்கள் யாருக்கும் அதன் ஞாபகம் வரவில்லை.

பேச்சு நின்ற பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளை எடுத்தபோது, என்னையும் கூட்டிப்போகச் சொன்னது அம்மாதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா ஏற்கெனவே கப்பலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பலகை தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஸ்டுடியோ மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "பாப்பா, சின்ன அரம் அங்க கீதான்னு உன் பெரியப்பாவ கேளு" என்றார்.

அரம் பெரியப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா கையை நீட்டினாலே எட்டும்.

"பெரியப்பா, சின்ன அரம் இருக்கான்னு அப்பா கேக்குறாரு."

"கீதுன்னு சொல்லு. போன தபா மாதிரி பலகைய ஓட்ட பண்ணிடாம மெதுவா ராவச் சொல்லு."

நான் சொன்னேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆயிற்று. கோந்து காய்ந்துவிட்டதா, நூலுக்கு மெழுகு தடவியாகிவிட்டதா, சுக்கானை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தன. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அது பெரிய உத்தியோகம். இரண்டு பெரிய மனிதர்கள் என் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரே ஒரு குறை. அந்தக் கப்பல் முடியவே இல்லை. டிராயிங் மாஸ்டர் ஒரு கட்டுமரமும் ஒரு நீராவிக் கப்பலும் முடித்துவிட்டு மூன்றாவதை ஆரம்பித்திருந்தார். எங்களுடையது முடிகிற மாதிரி இருக்கும். அப்போது பெரியப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "முன் மரம் நூலளவு சாஞ்சி கீது, உங்கப்பன்கிட்ட சொல்லு" என்பார். அப்பா மறுக்கவே மாட்டார். பாய்மரத்தைக் கழற்றிவிடுவார். அதை மாட்டி முடிந்ததும் அப்பாவுக்கு மேல்தளப் பலகையின் இடைவெளி பிடிக்காது. பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் பலகைகளைப் பெயர்ப்பார். வீட்டில் ஒரு கரண்டிக்காகச் சண்டை போட்ட இவர்கள், இங்கே ஒருவர் குறை சொன்னதும் மற்றவர் உடனே ஒத்துக்கொள்வது எனக்குப் புரியவில்லை. இவர்களுக்கு வேலை தெரியவில்லை, அதுதான் இழுத்துக்கொண்டே போகிறது என்று முடிவுகட்டியிருந்தேன்.

"உங்க கப்பலு என் பேரன் காலத்துல தண்ணிய பாக்கும்" என்று ஸ்டுடியோ மாமா சொல்வார். அவருக்கு அப்போது பேரன் கிடையாது.

தொண்ணூற்றொன்றில் மழை வந்து எங்கள் ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் தினமும் கரையில் ஏறிப் பார்ப்பேன். தண்ணீர் கருவேல மரங்களின் இடுப்புவரை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மறுபடியும் ஒரு கண்ணை மூடியபோது எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"பெரியப்பா, ஏரி ரொம்பினதும் கப்பல விட்டுடலாமான்னு அப்பா கேக்குறாரு."

அப்பா ஒரு முழ தூரத்தில்தான் இருந்தார். நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்த கை நின்றது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா மூடிய கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. கப்பலின் விளிம்பைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

"சரின்னு சொல்லு" என்றார்.

"சரியாம்ப்பா" என்றேன். அப்பா தலையாட்டிவிட்டு மெழுகை எடுத்தார். இரண்டு பேரையும் ஒரே பொய்யில் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஏரி நிரம்பியதும் கப்பலை அங்கே கொண்டுவந்ததே ஒரு ஊர்வலம் போல இருந்தது. டிராயிங் மாஸ்டர் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் பெரியப்பா கப்பலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து, பாய்மரம் எங்கும் இடிக்காமல் கையால் அணைத்துப் பிடித்திருந்தார். அப்பாவும் நானும் சைக்கிளில் பின்தொடர்ந்தோம். ஸ்டுடியோ மாமா கேமராவோடு வந்தார். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து நின்றார்கள்.

போட்டோ கழுவும் தொட்டியில் எங்கள் கப்பல் அடங்காது. அதனால் அதற்கு வெள்ளோட்டமே நடக்கவில்லை. கப்பல் சாயாமலிருக்க அடியில் வைக்கும் ஈயக் குண்டுகளைக் குத்துமதிப்பாகத்தான் வைத்திருந்தார்கள். பெரியப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி, கப்பலை மெதுவாகத் தண்ணீரில் இருத்தினார். அதன் பின்பக்கம் கட்டிய நைலான் நூல் உருண்டை அவர் கையில்.

மிதந்தது. எங்கள் கப்பல் மிதந்தது. காற்று வந்து தேயிலை நிறப் பாய்கள் உப்பியதும், யாரோ உள்ளே உட்கார்ந்து செலுத்துவது போல அது தானாகப் புறப்பட்டது. பெரியப்பாவின் விரல்களுக்கு நடுவே நூல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரின் விளிம்புக்கே வந்திருந்தார்.

கருவேல மரங்களுக்கு அருகே நூல் எதிலோ சிக்கியது. காற்று திசை மாறி கப்பலைப் பக்கவாட்டில் அழுத்தியது. முன் பாய் தண்ணீரைத் தொட்டது. அப்பா செருப்போடு தண்ணீரில் ஓடினார்.

"அண்ணா, நூல விடு. விடுண்ணா" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"டேய், போவாதடா. அங்க மண்ணு எடுத்த பள்ளம்டா" என்றார் பெரியப்பா.

ரோட்டோர மனைகளை மேடாக்குவதற்காக அந்தக் கோடையில் லாரிகள் ஏரியில் மண் அள்ளியிருந்தன. தண்ணீர் வந்த பிறகு பள்ளம் எது தரை எது என்று தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்த அப்பாவைச் சட்டென்று காணவில்லை. நான் எதுவும் கத்தியதாக நினைவில்லை. டிராயிங் மாஸ்டர் என் தோளைப் பிடித்து அழுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நூல் உருண்டையை எறிந்துவிட்டுப் பெரியப்பா பாய்ந்தார். அவரும் மறைந்தார். பிறகு ஒரு தலை தெரிந்தது, பிறகு இரண்டு. அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரியப்பா கரைக்கு வந்தார்.

அப்பா குப்புறக் கிடந்து இருமினார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பெரியப்பா அவர் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். தட்டுகிறாரா அடிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"கப்பலு..." என்றார் அப்பா.

"கெடக்குது கப்பலு. நீச்சலு தெரியாத நாய்க்குத் தண்ணியில இன்னா வேல? நீ போயிருந்தா நான்..." பெரியப்பா இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அப்பா எழுந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஈயம் பத்தாதுன்னு அன்னிக்கே சொன்னன்" என்றார்.

துண்டுக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "நீ எங்கடா சொன்ன. உன் பொண்ணுல்ல சொன்னா."

அப்பா சிரித்தார். இருமலும் சிரிப்புமாக அவரால் நிறுத்த முடியவில்லை. பெரியப்பாவும் சிரித்தார். ஸ்டுடியோ மாமா கேமராவைத் தூக்கி, என்ன நினைத்தாரோ, படம் எடுக்காமல் கீழே இறக்கினார். நான் மட்டும் கருவேல மரங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். கப்பல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பாயசம். செய்தியைக் கேட்ட பெரியம்மா அழுதுகொண்டே எங்கள் வாசற்படி ஏறி, நேராக அடுப்படிக்குப் போனார். "வாக்கா" என்று அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள். பிறகு ஒருவர் ஏலக்காய் தட்ட, ஒருவர் சேமியா வறுத்தார். கப்பல் மூழ்கிய வீட்டில் இப்படிச் சிரித்துக்கொண்டு பாயசம் வைப்பார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. டம்ளரைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசலில் குரல்கள் உயர்ந்தன. அப்பாவும் பெரியப்பாவும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிக்கட்டை இன்னும் ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, பாய்தான் பெரிது என்றார் இன்னொருவர். மறுபடியும் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில், வழக்கமான என் இடத்தில் நின்றேன்.

"அப்பா, பெரியப்பாகிட்ட இன்னா சொல்லணும்?"

அப்பா பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. நானே சொல்லிக்கிறேன். நீ போய் பாயசம் குடி."

நான் பெரியப்பாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். அவர் என் தலையைத் தடவி, "போ கண்ணு" என்றார். பிறகு என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சரி, நீ சொல்றபடியே வெச்சிக்கோ, அப்போ பின் மரம் எங்க நிக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். நான் எதைத் தவறாகச் சொன்னேன், எந்த வார்த்தையை விட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஏன் அழுகிறாய் என்று அம்மா வந்து கேட்டபோது, கப்பல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். வேலையும் போய்விட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.